ஆர்வியில் கேஸ்: ஓட்டும்போதும் பெட்ரோல் போடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஆர்வி (அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பும் நம்மவர்களுக்கு முதல் குழப்பம் பேச்சிலேயே வந்துவிடுகிறது. அங்கே கேஸ் என்றால் பெட்ரோல். நமக்குக் கேஸ் என்றால் அடுப்பில் எரிவது. "கேஸை அணைச்சாச்சா?" என்று முன்சீட்டிலிருந்து கேட்டால், பின்னால் இருப்பவர் அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஆச்சு" என்பார். அடுப்பு அணைந்துதான் இருக்கும். ஆனால் அந்த வண்டியில் எரியக்கூடியது அடுப்பு மட்டும் இல்லை. குழப்பம் வேண்டாம் என்பதால், இங்கே சமையல் வாயுவைப் புரொப்பேன் என்றும் வண்டிக்குப் போடுவதைப் பெட்ரோல் என்றுமே சொல்கிறேன்.

பெரும்பாலான ஆர்விகளில் புரொப்பேன் நான்கு இடங்களுக்குப் போகிறது: அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெந்நீர் ஹீட்டர், அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ். இதில் அடுப்பின் சுடர்தான் கண்ணுக்குத் தெரியும். மற்ற மூன்றும் சுவருக்குப் பின்னால், வெளிப்பக்கத்து கிரில்லுக்கு உள்ளே எரிபவை. நான் பார்த்தவரை தவறுகள் எல்லாமே இந்தத் தெரியாத சுடர்களைச் சுற்றித்தான் நடக்கின்றன.

முதலில் ஃப்ரிட்ஜ். வீட்டு ஃப்ரிட்ஜ்போல இதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கித்தான் குளிரை உண்டாக்குகிறது. அந்தச் சூட்டுக்கு மின்சாரம் வேண்டும், அல்லது புரொப்பேன் சுடர் வேண்டும். (புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. உங்களுடையது எந்த வகை என்று எடுக்கும்போதே கேளுங்கள்.) தோசை மாவும் தயிரும் பாலும் கெட்டுவிடுமே என்று, ஓடும் வண்டியிலும் அதைப் புரொப்பேனிலேயே விட்டுவிடுகிறோம்.

பல வருடம் இப்படித்தான் ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. சுடர் அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் அமைப்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், இருக்கிறது. ஆனால் அது ஃப்ரிட்ஜுக்குள் நடப்பதை மட்டுமே பார்த்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில் போகும் குழாய் உடைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நெடுஞ்சாலை வேகத்தில் பின் டயர் வெடித்தால் கிழிந்த ரப்பர் சாட்டை மாதிரி சுழன்று அடிப்பாகத்தைப் பிய்த்துவிடும். பக்கத்தில் புரொப்பேன் குழாய் போனால் அதுவும் தப்பாது. வாயு திடீரென்று அதிகமாகப் பாய்ந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு புரொப்பேன் தொட்டியில் இருக்கும். அது பெரிய உடைப்புக்கு உதவும். சின்ன விரிசலில் கசியும் அளவு அந்த வால்வுக்குச் சாதாரண உபயோகம் மாதிரித்தான் தெரியும், அதனால் அது மூடாது. கசிந்த புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் அடியிலேயே தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

கிளம்பும் முன் புரொப்பேன் தொட்டியின் வால்வைக் கையால் மூடிவிட்டால் இந்தக் கவலை வேண்டாம். மாவு கெடாது. மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் மின்சாரம் இல்லாமல் சுமார் 4 மணி நேரம் தாங்கும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை வீட்டு ஃப்ரிட்ஜுக்கே சொல்கிறது. முதல் நாள் இரவே நன்றாகக் குளிரவிட்டு, இரண்டு பாட்டில் தண்ணீரை உறையவைத்து உள்ளே அடுக்குங்கள். பிள்ளைகள் அடிக்கடி திறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். வழியில் வேண்டிய ஜூஸையும் தண்ணீரையும் ஐஸ்பெட்டியில் தனியாக வைத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது.

அடுத்தது பெட்ரோல் பங்க். எங்கள் முதல் பயணத்தில் வண்டியை ஒப்படைத்தவர் கழிவுநீர்க் குழாயிலிருந்து கூரை ஏசி வரை எல்லாவற்றையும் காட்டினார், புரொப்பேன் வால்வைத் தவிர. நாங்களும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் நல்ல வெயில். ஏசிக்காக ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டே ஓட்டினோம். பங்கில் நிறுத்தியதும், விவரமாக இருப்பதாக நினைத்து ஜெனரேட்டரை அணைத்தேன். இறங்கி பெட்ரோல் மூடியைத் திறக்கிறேன், பக்கத்துச் சுவரிலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம். ஃப்ரிட்ஜ் 'ஆட்டோ'வில் இருந்திருக்கிறது. ஜெனரேட்டர் மின்சாரம் நின்றதும் அது தானாகப் புரொப்பேனுக்கு மாறி, பற்றவைக்கப் பொறி அடித்துக்கொண்டிருந்தது. திறந்த பெட்ரோல் வாய்க்கும் அந்தக் கிரில்லுக்கும் நடுவே என் இரண்டு கை நீளம்கூட இல்லை. உள்ளே ஓடி அணைத்தேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெட்ரோல் ஊற்றும்போது தொட்டியில் இருக்கும் ஆவி வாய் வழியாக வெளியே வருகிறது. அதுவும் காற்றைவிடக் கனமானது, கீழே வழிந்து பரவும். ஃப்ரிட்ஜின் சுடரோ கீழ்க் கிரில் வழியாகத்தான் காற்றை உள்ளே இழுக்கிறது. வெந்நீர் ஹீட்டரும் ஃபர்னஸும் இன்னும் மோசம்: தண்ணீர் ஆறியதும், அறை குளிர்ந்ததும், யாரும் தொடாமலே பொறி அடிக்கும்.

இங்கே பலர் பாதி சரியாகச் செய்து நின்றுவிடுகிறார்கள். புரொப்பேன் தொட்டி வால்வை மூடியாயிற்று, போதும் என்று நினைக்கிறார்கள். வாயு இல்லை என்பது ஃப்ரிட்ஜுக்கோ ஹீட்டருக்கோ தெரியாது. பற்றவில்லையே என்று மறுபடி மறுபடி பொறி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓயும். பெட்ரோல் ஆவிக்கு அந்தப் பொறியே போதும். அதனால் பட்டன்களையும் அணைக்க வேண்டும், வால்வையும் மூட வேண்டும், இரண்டும் பங்குக்குள் நுழைவதற்கு முன்னாலேயே. காலையில் கிளம்பும்போதே செய்துவிட்டால் பங்கில் யோசிக்கவே வேண்டாம். ஜெனரேட்டரும் அங்கே ஓடக் கூடாது.

டீசல் வண்டிதானே என்று விடுவதும் தவறு. டீசல் அவ்வளவு சுலபமாகப் பற்றாது என்பது சரி; அதன் ஆவி பற்றிக்கொள்ள 52 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், பெட்ரோலுக்கு உறைபனியே போதும். ஆனால் அடுத்த பம்பில் நிற்கும் கார் பெட்ரோல் போடுகிறதே.

புரொப்பேன் நிரப்பும்போது எல்லாச் சுடரும் அணைந்திருக்க வேண்டும், எல்லாரும் வண்டியை விட்டு இறங்க வேண்டும். தூங்கும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். 80 சதவீதத்தில் நிறுத்தினால் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்காதீர்கள். வெயிலில் திரவம் விரியும்; மீதி இடம் அதற்குத்தான். தனி சிலிண்டர் வைத்திருந்தால் நிமிர்த்திக் கட்டியே கொண்டுபோக வேண்டும், படுக்கவைக்கக் கூடாது, வாழும் அறைக்குள் வைக்கவே கூடாது.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நியூ ஜெர்சியிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு ஐ-95 நெடுஞ்சாலையில் போனால் பால்டிமோரில் ஃபோர்ட் மெக்ஹென்ரி சுரங்கம் வரும். அதிலும் பக்கத்து ஹார்பர் சுரங்கத்திலும் 10 பவுண்டுக்கு, அதாவது நாலரை கிலோவுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டரோடு போக அனுமதி இல்லை. வால்வை மூடியிருந்தாலும் இல்லை. முன்பெல்லாம் ஆர்விகள் பால்டிமோரிலேயே இருந்த கீ பாலம் வழியாகச் சுற்றிப் போகும். 2024 மார்ச் 26 அன்று டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்துவிட்டது. இப்போது ஊரைச் சுற்றும் ஐ-695 நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். போன் மேப்புக்கு உங்கள் வண்டியில் புரொப்பேன் இருப்பது தெரியாது, நேராகச் சுரங்கத்துக்குத்தான் கூட்டிப்போகும்.

தரையை ஒட்டி இருக்கும் புரொப்பேன் அலாரத்தைப் பெட்டியாலோ போர்வையாலோ மறைக்காதீர்கள். நடுராத்திரி கத்துகிறதே என்று பிடுங்கிப் போடுபவர்களும் உண்டு; அதைச் செய்யவே செய்யாதீர்கள். அலாரம் அடித்தாலோ அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ லைட், ஃபேன் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியேறி, வெளியிலிருந்து வால்வை மூடுங்கள். ஓடும்போது வந்தால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு இதையே செய்யுங்கள்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் அந்தத் தானாக அடைக்கும் வால்வு குழாய் உடைந்ததாக நினைத்துப் பாதி அடைத்துக்கொள்ளும். சுடர் சோகையாக எரியும், வாயு தீர்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம். அப்படி ஆனால் முழுக்க மூடி, சில நிமிடம் பொறுத்து, மறுபடி மெல்லத் திறந்துவிடுங்கள். முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் குழாயில் இருக்கும் காற்று போகவிடுங்கள். சுடர் நீலமாக நிலைத்து எரிந்த பிறகு ஃப்ரிட்ஜைப் போடலாம்.