பழைய ஃபியட்ல ரெண்டு பேரா மணாலி வரைக்கும்: எப்படி தயாராகறது

எங்க வண்டி 1978 பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கினது, வீட்டுல இன்னைக்கும் அதுக்கு ஃபியட்னு தான் பேரு. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு அக்டோபர்ல அதுலயே கோயம்புத்தூர்ல கிளம்பி மணாலி தாண்டி சிஸ்ஸு வரைக்கும் போனோம், போக மட்டுமே 3,200 கிலோமீட்டர் பக்கம் வந்துச்சு. இதே மாதிரி போகணும்னு கேக்கறவங்க எல்லாரும் என்னென்ன ஸ்பேர் எடுத்துட்டு போனீங்கன்னு தான் ஆரம்பிக்கறாங்க. நான் அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுவேன், ரெண்டு பேருக்கும் வண்டி தெரிஞ்சிருக்கணும். ஒருத்தரே ஓட்டி ஒருத்தரே ரிப்பேரும் பாத்தா நாலாவது நாள் அவருக்கு முதுகு போயிரும், பக்கத்துல சும்மா உக்காந்து வர்றவங்களுக்கு பொறுமை போயிரும்.

எனக்கு ஸ்டீயரிங் கீழ இருக்கற கியர் பழக ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் பொள்ளாச்சி மெக்கானிக் ஒருத்தர்கிட்ட மூணு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய் நின்னு பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ஸ்பார்க்குக்காக கரண்டை விட்டு விட்டு வெட்டறது) கழட்டறது, பிளக் பாக்கறது, ஃபேன் பெல்ட் மாத்தறது எல்லாம் எங்க கையால செஞ்சு பழகினோம். கடைசியா ஆழியார்ல இருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது அவரு, இறங்கும்போது நான். இந்த டெஸ்ட்டை தயவுசெஞ்சு விட்றாதீங்க. வீட்டுப் பக்கத்துல தெரியாத கோளாறெல்லாம் அங்க தெரியும், எங்களுக்கு பின் பிரேக்கோட வீல் சிலிண்டர் ஆயில் ஒழுகறது அங்க தான் தெரிஞ்சுது.

அடுத்தது பேப்பர். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பிச்சிருக்கணும், அது அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, டிரிப் முடியற வரைக்கும் தேதி இருக்கான்னு பாத்துக்கோங்க. இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், ஃபாஸ்டேக் எல்லாம் தெரிஞ்சது தான். 50 வருஷம் தாண்டின வண்டி வச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், 2021ல வந்த விதிப்படி விஏ எழுத்து போட்ட விண்டேஜ் நம்பர் வாங்கிட்டா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு தான் ரோட்டுல எடுக்கலாம், வழக்கமா ஓட்ட முடியாது. ஊர் சுத்தற ஆசை இருந்தா சாதாரண ரிஜிஸ்ட்ரேஷன்லயே வச்சுக்கோங்கங்கறது என் கருத்து.

ரூட்டு தான் பெரிய விஷயம். மேப் போட்டா நாக்பூர், ஆக்ரா, டெல்லின்னு காட்டும். அந்தப் பக்கம் போகாதீங்க. டெல்லி என்சிஆர்ல 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கு தடை, கோர்ட் உத்தரவு நடுநடுவுல மாறிட்டே இருக்கு, அப்பா வண்டியை வச்சு நான் அதுல விளையாட மாட்டேன். என்சிஆர்னா டெல்லி மட்டும் இல்ல, பானிபட், கர்னால், ராஜஸ்தான்ல பரத்பூர், அல்வார் கூட அதுல வரும். அதனால நாங்க மேற்கால போனோம். சேலம், ஓசூர், தும்கூர், சித்ரதுர்கா, அங்க இருந்து ஹோஸ்பேட் (ஹம்பிக்கு ஒரு நாள் ஒதுக்குங்க), பிஜாப்பூர், சோலாப்பூர், ஔரங்காபாத், துலே, இந்தூர், கோட்டா, ஜெய்ப்பூர். ஜெய்ப்பூருக்கு மேல சிகர், ஃபதேபூர், ரத்தன்கர், சர்தார்ஷஹர் வழியா ஹனுமான்கர், அப்புறம் பட்டிண்டா போய் பஞ்சாபை குறுக்க வெட்டி சண்டிகர் பக்கம் ஏறிட்டோம். கொஞ்சம் சுத்து தான், ஆனா மனசுல பயம் இல்லாம ஓட்டலாம், கோட்டாவுக்கு வடக்க லாரி கூட்டமும் எங்களுக்கு குறைச்சலா தான் இருந்துச்சு.

வண்டியில செய்ய வேண்டியது: ரேடியேட்டரை கழட்டி சுத்தம் பண்ணி ஹோஸ் எல்லாம் புதுசு போடுங்க, வீல் பேரிங் கழட்டி கிரீஸ் வைங்க, டயர்ல பட்டன் இருந்தாலும் ஓரம் வெடிச்சிருந்தா மாத்திடுங்க. இப்ப பம்புல கிடைக்கற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதுக்கு தாங்காது, ஊறி உப்பிடும். பெட்ரோல் ஹோஸ், ஏசி பம்ப்புக்குள்ள (கார்புரேட்டருக்கு பெட்ரோல் தள்ற பம்ப், ஏர் கண்டிஷனர் இல்ல) இருக்கற டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் மூணையும் எத்தனால் தாங்கற வகையா பாத்து மாத்துங்க. சென்னை புதுப்பேட்டைல தேடினா ஃபியட் சாமான் இன்னும் கிடைக்குது. கையில எடுத்துட்டு போக பாயிண்ட் ரெண்டு, கண்டன்சர் ரெண்டு, காயில், ரோட்டர், பிளக் நாலு, ஃபேன் பெல்ட், டயஃப்ரம் ஒண்ணு, வீல் சிலிண்டர் கிட், பிரேக் ஆயில், டியூப் ரெண்டு, கிரீஸ் கன், டெஸ்ட் லைட், உப்புத்தாள், ஃபீலர் கேஜ் (பாயிண்ட் இடைவெளி அளக்கற தகடு). கண்டன்சரை மட்டும் புதுசா நம்பாதீங்க, ஓட்டிப் பாத்து நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பழசை ஸ்பேரா வச்சுக்கோங்க.

ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. 1,089 சிசி இன்ஜின், மணிக்கு 60, 65ல அது சந்தோஷமா ஓடும், சத்தத்துலயே தெரியும். காலைல அஞ்சரைக்கு கிளம்பி வெயில் ஏறறதுக்குள்ள பாதிக்கு மேல முடிச்சிருங்க. 100 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆள் மாறணும், மாறும்போது பானெட்டை திறந்து தண்ணி, ஆயில், பெல்ட் பாத்து, ஒவ்வொரு வீல்லயும் உள்ளங்கையை வச்சு பாருங்க. ஒரு வீல் மட்டும் கொதிச்சா பிரேக் பிடிச்சிருக்கு, இல்ல பேரிங் போகுதுன்னு அர்த்தம்.

வெயில்ல நிக்கறது எப்படின்னு துலே தாண்டி செந்த்வா பக்கம் பிஜாசன் மலைப்பாதைல பாத்தோம். மதியம் ரெண்டு மணி, லாரிக்கு பின்னாடி செகண்ட் கியர்ல ஊர்ந்து ஏறிட்டு இருக்கும்போது வண்டி ரெண்டு தடவை இழுத்து இழுத்து அணைஞ்சிருச்சு. செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல. ஓரங்கட்டி ரெண்டு பின் வீலுக்கும் கல்லு வச்சோம். பிளக் ஒயரை கழட்டி பாத்தா ஸ்பார்க் நல்லா வருது, கார்புரேட்டர் பக்கம் ஹோஸை உருவி செல்ஃப் அடிச்சா பெட்ரோல் வரல, வெறும் காத்து தான். சூட்டுல பெட்ரோல் பம்ப்புக்குள்ளயே ஆவியாயிடும், ஆவியை அந்த பம்ப்பால தள்ள முடியாது. "அம்மணி, நீ ஸ்டீயரிங்ல உக்காரு, நான் துணி நனைச்சுட்டு வர்றேன்"னு சொல்லிட்டு அவரு என் பழைய காட்டன் துப்பட்டாவை கேன் தண்ணியில நனைச்சு பம்ப் மேலயும் பைப் மேலயும் சுத்தினாரு, சுத்தின உடனே சுர்ருனு ஆவி கிளம்புச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தண்ணி படாம பாத்துக்கணும். பதினஞ்சு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை திரும்ப நனைச்சோம், பம்ப் அடியில இருக்கற லிவரை கையால அடிச்சதும் ஹோஸ்ல பெட்ரோல் எட்டிப் பாத்துச்சு. நான் சாவி போட்டேன், பிடிச்சிருச்சு. "ஏங்க, துணியை எடுக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்"னு சொல்லி மேல வரைக்கும் அதோடயே ஏறினோம். இதே நேரத்துல பதறிப்போய் சும்மா செல்ஃப் அடிச்சுட்டே இருந்திருந்தா பேட்டரியும் இறங்கியிருக்கும்.

மலைக்கு ஜூலை, ஆகஸ்ட்ல போகாதீங்க, மண்டிக்கும் குல்லுவுக்கும் நடுவுல சரிவு விழுந்து நாள் கணக்குல ரோடு நிக்கும். செப்டம்பர் கடைசியில கிளம்பினா சரியா இருக்கும். மணாலி தாண்டி ரோத்தாங்குக்கு பர்மிட் வேணும், 2020ல திறந்த அடல் டனல் வழியா போனா 9 கிலோமீட்டர்ல அந்தப் பக்கம் லாஹௌல், வெளிய வந்தா சிஸ்ஸு. அங்க உயரம் 3,000 மீட்டருக்கு மேல, காத்து கால்வாசி குறைஞ்சிரும், கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதே அளவு பெட்ரோலை ஊத்தும். இழுவை குறைஞ்சு கறுப்புப் புகை வந்தா பயப்படாதீங்க. ஐட்லிங்கை கொஞ்சம் ஏத்தி, மிக்சர் ஸ்க்ரூவை கால் சுத்து கால் சுத்தா லீன் பண்ணி (அதாவது பெட்ரோலை குறைச்சு), இன்ஜின் சத்தம் சீராகற இடத்துல விடுங்க. எத்தனை சுத்துன்னு எழுதி வச்சுக்கோங்க, கீழ வந்ததும் திருப்பி பழைய இடத்துக்கு வைக்கணும்.

நம்ம ஊர்ல பாதி பேர் ரேடியேட்டர்ல வெறும் தண்ணி தான் ஊத்தறோம். அக்டோபர் ராத்திரி சிஸ்ஸுல அது உறைஞ்சா பிளாக்கே வெடிச்சிரும். சண்டிகர் தாண்டறதுக்குள்ள பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்துடுங்க. காலைல சோக்கை முழுசா இழுத்து, கிளட்ச்சை மிதிச்சுட்டு செல்ஃப் அடிங்க, பிடிச்சதும் சோக்கை ஒரேயடியா தள்ளாம அஞ்சு நிமிஷத்துல கொஞ்சம் கொஞ்சமா விடணும். இறங்கும்போது எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர், நாலு வீலும் டிரம் பிரேக், மிதிச்சுட்டே வந்தா சூடாகி பிடிக்காமலே போயிரும். பிரேக் வாசனை வந்தா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க, டிரம் மேல தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, விரிசல் விடும். நாங்க அப்படி ரெண்டு இடத்துல நின்னோம், ரெண்டு தடவையும் ஃபிளாஸ்க்ல இருந்த டீ தீந்துச்சு.