பழைய பங்களா ஃபயர்ப்ளேஸ எரிக்கிறதுக்கு முன்னாடி சிம்னிய பாருங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய பங்களாவ வாங்குறவங்க, லீஸுக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்துறவங்க எல்லாம் ஹால்ல ஃபயர்ப்ளேஸ பாத்ததும் முதல் வேலையா அதுக்கு பெயிண்ட் அடிச்சு மேல ரெண்டு பித்தள சாமான வச்சு அழகு பண்ணிடுறாங்க, சிம்னிக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் எட்டிப் பாக்குறதில்ல. வருஷக்கணக்கா எரிக்காம கிடந்த சிம்னியில குருவிக்கூடு இருக்கும், தேன்கூடு கூட இருக்கும், செங்கல் இடுக்குல இருந்த சுண்ணாம்பு பேந்து கொட்டியிருக்கும். அப்படியே தீ வச்சா புகை ஹாலுக்குள்ளதான் வரும். புகையாவது கண்ண எரிச்சு வெளிய விரட்டும், கூட வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல.

அதனால முதல்ல போன்ல ஃப்ளாஷ் போட்டு கைய உள்ள விட்டு மேல் பக்கமா ஒரு வீடியோ எடுங்க. கரி எப்படி ஒட்டியிருக்குன்னு பாருங்க. தொட்டா பொடியா உதிர்ற கரின்னா பிரஷ்ஷுக்கே வந்துடும். தார் ஊத்துன மாதிரி பளபளன்னு இறுகிப் போயிருந்தா அது கிரியோசோட், நல்லா தீப்பிடிக்கிற சமாச்சாரம், அத சும்மா சுரண்டப் போனா உள்பூச்சு சேந்து வந்துடும், விவரம் தெரிஞ்ச ஆள்தான் வேணும். பொதுவான கணக்கு என்னன்னா 3 மில்லிமீட்டர் கனம் சேந்துட்டா க்ளீன் பண்ணியே ஆகணும், சேரலேன்னாலும் வருஷம் ஒருதடவ மழை ஓஞ்சு குளிர் தொடங்குறதுக்குள்ள ஒரு பார்வ பாத்துடணும். கூரை மேல நீங்களே ஏறாதீங்க, பாசி பிடிச்ச ஓடு, ஈரத் தகரம், ரெண்டும் வழுக்கும். ஆள் மேல இருந்து பிரஷ் விடும்போது கீழ ஃபயர்ப்ளேஸ் வாய ஈரச்சாக்கு போட்டு நல்லா மூடிடுங்க, இல்லேன்னா ஒரு வாரத்துக்கு சோபாவ துடைக்கிற வேலைதான். சிம்னி உச்சியில வலை வச்ச மூடி ஒண்ணு போட்டுட்டா மழையும் வராது குருவியும் வராது, பறக்குற நெருப்புப்பொறியும் அதுலயே நின்னுடும்.

அடுத்தது விறகு. பாதி பிரச்சினை இங்கதான் இருக்கு. ஈர விறகு எரியும்போது சூட்டுல கணிசமான பங்கு அதுல இருக்குற தண்ணிய ஆவியாக்கவே போயிடுது, புகை குளிர்ந்துபோய் மேல ஏறி சிம்னி சுவத்துல படிஞ்சு அதுதான் கிரியோசோட் ஆகுது. அதாவது ரூமும் சூடாகாது, சிம்னியும் கெடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், அத பாக்க சின்ன மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, இல்லேன்னா ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாருங்க, காஞ்சதுன்னா டொக்குன்னு கணீர்னு கேக்கும், ஈரம்னா மொத்தையா கேக்கும். மலையில சீகை மரம், அதாவது வாட்டில், நல்ல விறகு, நின்னு எரியும். கற்பூர மரமும், அதாவது யூகலிப்டஸும், நல்ல சூடு குடுக்கும், ஆனா எண்ணெய் இருக்குறதால பொறி தெறிக்கும், முன்னாடி கம்பிவலைத் தடுப்பு இல்லாம எரிக்கவே கூடாது, அத பச்சையா இருக்கும்போதே பொளந்துடுங்க, காஞ்சப்புறம் கோடாலி இறங்காது. பைன் காய், காஞ்ச தேயிலைக் குச்சி எல்லாம் பத்தவைக்க மட்டும். டிசம்பருக்கு வேண்டிய விறக டிசம்பர்ல வாங்குனா ஈரமாத்தான் வரும், ஜனவரி பிப்ரவரியிலயே வாங்கி தரையில படாம கட்டை மேல அடுக்கி, மேல மட்டும் ஷீட் போட்டு பக்கவாட்டுல காத்து போற மாதிரி விட்டுடுங்க. தார்ப்பாயால மொத்தமா சுத்துனா உள்ளயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய தேயிலைப் பெட்டி ப்ளைவுட், பெயிண்ட் அடிச்ச பலகை, பிளாஸ்டிக் எதையும் போடாதீங்க, விஷப்புகை.

பத்தவைக்கும்போது பெரிய கட்டை அடியில, அதுக்கு மேல சின்னது, உச்சியில சுள்ளி, அந்த உச்சியிலதான் தீ வைக்கணும். தலைகீழா தோணும், ஆனா புகை நல்லா கம்மியாகும். டாம்பர், அதாவது சிம்னி வழிய திறந்து மூடுற தகடு, இருந்தா முழுசா திறந்துடுங்க. சிம்னி ஜில்லுனு இருந்தா புகை திரும்பி வரும், ஒரு பேப்பர சுருட்டி பத்தவச்சு கொஞ்ச நேரம் மேல காட்டுங்க, ஜன்னலயும் ரெண்டு விரல் திறந்து வைங்க, இழுக்க ஆரம்பிச்சுடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பேச்சே வேண்டாம்.

ஒண்ணு ஒத்துக்கணும், திறந்த ஃபயர்ப்ளேஸ்ல சூட்டுல பெரும்பாலானது மேலதான் போகும். 1790கள்லயே ரம்ஃபோர்டுன்னு ஒருத்தர் இத யோசிச்சு, ஆழத்தக் குறைச்சு பக்கச்சுவர சாய்வா வச்சு சூடு ரூம் பக்கம் திரும்புற மாதிரி பண்ணினார், சிம்னி வாயையும் குறுக்கினார். உங்க பங்களாவுல பக்கச்சுவர் சாய்வா இருந்தா அது கோணல் இல்லீங்க, கொத்தனார் நேராக்கித் தர்றேன்னு சொன்னா விடாதீங்க. தினமும் எரிக்கிற வீடுன்னா கண்ணாடிக் கதவு வச்ச இரும்பு அடுப்ப அதுக்குள்ள பொருத்திக்கிறது நல்லது, அதே விறகுக்கு எவ்வளவோ அதிக சூடு கிடைக்கும்.

தூங்கப் போறப்ப சூடு போயிடக்கூடாதுன்னு டாம்பர மூடிடாதீங்க. உள்ள கங்கு இருக்குற வரைக்கும் கார்பன் மோனாக்சைடு வந்துட்டேதான் இருக்கும். அதுக்கான அலாரம் ஒண்ண படுக்கிற ரூம்ல மாட்டுங்க. ஃபயர்ப்ளேஸ் வேலை செய்யலேன்னு கரி அடுப்ப ரூமுக்குள்ள கொண்டுவர்ற பழக்கம் அதவிட மோசம், அப்படி வச்சுட்டுத் தூங்கி செத்தவங்க செய்தி கொடைக்கானல்லயே வந்திருக்கு. ஹோம்ஸ்டே நடத்துறவங்க கெஸ்ட்டுகிட்ட இத வாயால சொல்லிடுங்க, போர்டு வச்சா யாரும் படிக்க மாட்டாங்க.

சிம்னிக்குள்ள திடீர்னு ரயில் போற மாதிரி சத்தம் கேட்டா உள்ள தீப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து 101க்கு போன் போடுங்க. மேல ஏறி தண்ணி ஊத்தாதீங்க, கொதிக்கிற செங்கல் வெடிச்சுடும். அணைஞ்சப்புறமும் ஆள் வச்சு பாக்காம திரும்ப எரிக்கக் கூடாது.

சாம்பல தினம் வழிக்க வேண்டியதில்ல, ஒரு இஞ்ச் விட்டு வச்சா கங்கு நின்னு எரியும். அள்ளுனத மூடி போட்ட இரும்பு வாளியில போட்டு வெளிய கல்லு மேல வைங்க, மரத்தரையில வேண்டாம், உள்ள கங்கு மூணு நாலு நாள் கூட உயிரோட இருக்கும். ஆறினத தோட்டத்துல போடலாம், மலை மண்ணு புளிப்பு மண்ணுங்கறதால காய்கறிப் பாத்திக்கு கொஞ்சமா தூவினா நல்லதுதான், ஆனா உருளைக்கும் தேயிலைக்கும் போடாதீங்க, ஹைட்ரேஞ்சியாவுக்கும் போடாதீங்க, நீலப்பூ ரோஸ் கலருக்கு மாறிடும்.