எஸ்ஏசிடி வாங்கியாச்சு, ஓடுவது எந்த லேயர்?

என் முதல் எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி, சாதாரண சிடியைவிட நுணுக்கமாக ஒலியைப் பதிந்த டிஸ்க்) ப்ளேயரை மாட்டிய அன்று பாடகியின் குரலையே காணோம். வாத்தியமெல்லாம் இரண்டு ஸ்பீக்கரிலும் ஜம்மென்று வருகிறது, குரல் மட்டும் அடுத்த அறையில் யாரோ பாடுவது மாதிரி எங்கோ கேட்கிறது. ப்ளேயர் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பாத குறைதான். பார்த்தால், அந்த டிஸ்கில் ஸ்டீரியோ தனியாக, மல்டிசேனல் (இரண்டுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்களுக்கானது) தனியாக இரண்டு பதிவுகள் இருக்கின்றன, ப்ளேயர் பாட்டுக்கு மல்டிசேனலை எடுத்துக்கொண்டுவிட்டது, குரல் போய்ச் சேரும் நடு சேனலுக்கு என்னிடம் ஸ்பீக்கரே கிடையாது. அதனால் ஸ்டீரியோவில் கேட்பவர்கள் முதல் வேலையாக செட்டப் மெனுவுக்குப் போய் எஸ்ஏசிடி என்றால் 2 சேனல் என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்தது லேயர். ஹைப்ரிட் டிஸ்க் என்றால் ஒரே தட்டில் இரண்டு அடுக்கு: சாதாரண சிடி லேயர் ஒன்று, டிஎஸ்டி (எஸ்ஏசிடி ஒலியைப் பதியும் முறை) லேயர் ஒன்று. சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து ஒவ்வொன்றையும் 16 பிட்டில் எழுதுவது, டிஎஸ்டி ஒரே பிட், ஆனால் நொடிக்கு 28 லட்சம் தடவைக்கும் மேல் அளக்கும், சிடியைப் போல் 64 மடங்கு வேகம். முகப்பில் எஸ்ஏசிடி என்று காட்டுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். சிடி என்று காட்டினால் ரிமோட்டில் லேயர் மாற்றும் பட்டனைத் தேடுங்கள், பெரும்பாலும் டிஸ்க் நின்றிருக்கும்போதுதான் அது வேலை செய்யும்.

கேபிளில் பலரும் ஏமாறுகிறார்கள். ஆப்டிகலிலோ கோஆக்சியலிலோ வெளி டாக்குக்குக் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி) கொடுத்துவிட்டு, சிடி பாடுகிறது எஸ்ஏசிடி மட்டும் ஊமையாக இருக்கிறதே என்பார்கள். நகல் எடுப்பதைத் தடுக்க டிஎஸ்டியை அந்த வழியாக வெளியே விடுவதில்லை. எச்டிஎம்ஐ இல்லாத ஸ்டீரியோ ஆம்ப் என்றால் ப்ளேயரின் 2 சேனல் அனலாக் வெளியீட்டிலிருந்து சாதாரண ஆர்சிஏ கேபிள், ஆம்பில் சிடி அல்லது ஆக்ஸ் உள்ளீடு, அவ்வளவுதான். ஃபோனோவில் மட்டும் செருகிவிடாதீர்கள், அது இசைத்தட்டுக்கு உரியது, சத்தம் கன்னாபின்னாவென்று உடையும்.

டிவிடி ஆடியோ என்ற இன்னொரு உயர்தர டிஸ்க் வகை (ஸ்டீரியோவில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை) கொஞ்சம் தொல்லை. சாதாரண டிவிடி ப்ளேயரில் போட்டாலும் பெரும்பாலான டிஸ்க்குகள் பாடும், ஆனால் கேட்பது அதே டிஸ்க்கில் கூடவே வைத்திருக்கும் சுருக்கிய டால்பி பதிவு. சில டிஸ்க்குகளுக்கு மெனு பார்க்க டிவியும் வேண்டும், பாட்டுக் கேட்க உட்காருகிறவனுக்கு இது எரிச்சல்.

சரி, வித்தியாசம் தெரியுமா? ஒரே டிஸ்க்கின் இரண்டு லேயரையும் மாற்றி மாற்றிப் போடுவதை நம்பாதீர்கள். டிஎஸ்டி லேயர் பல நேரம் கொஞ்சம் சத்தம் குறைவாக ஒலிக்கும், நம் காதோ சத்தம் கூடினாலே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும். வால்யூமைச் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள். 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் வந்த சோதனையில், எஸ்ஏசிடி ஒலியை நடுவே 16 பிட், 44.1-க்கு இறக்கிக் கொடுத்தபோது, வழக்கமான சத்தத்தில் கேட்டவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொன்னது: அந்த டிஸ்க்குகள் பல, சிடிகளைவிட நன்றாகவே ஒலித்தன, காரணம் மாஸ்டரிங்கில் (டிஸ்க்காக்குமுன் பதிவைச் சீர்செய்யும் கடைசி வேலை) எடுத்த அக்கறை. என் அனுபவமும் அதுதான். சிடியில் எல்லாவற்றையும் ஏற்றி ஏற்றிக் கத்தவிட்ட பாட்டு, நல்ல எஸ்ஏசிடியில் மூச்சு விடுகிறது, டிரம்மில் குச்சி விழுவது தனியாகக் கேட்கிறது.

ஆகவே வாங்குமுன் மூலப் பதிவு எது, புதிதாக மாஸ்டர் செய்தார்களா என்று அட்டையில் பாருங்கள். நல்ல அனலாக் டேப்பிலிருந்து எடுத்தது என்றால் யோசிக்காமல் வாங்குவேன். 1980-களில் 16 பிட்டிலேயே டிஜிட்டலாகப் பதிவான இசையை டிஎஸ்டியில் ஏற்றி விற்றால், மாஸ்டரிங் பிரமாதம் என்று காதால் கேட்டு அறிந்தவர் சொன்னால் ஒழிய, என்னிடம் இருக்கும் சிடியே போதும்.