2025-இல் வீட்டில் ஹீட் பம்ப் போட்டீர்களா? பில்லைத் தேடி எடுங்கள்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் எங்கள் வீடு ரொம்பப் பழையது. ஜனவரியில் மாடி அறையில் படுத்தால் மூக்கு நுனி சில்லிட்டுப் போகும். ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கியதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. 2025 அக்டோபரில் கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன் அடித்தோம், வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் வைத்தோம். அதற்காக 2025 கணக்கில் எங்கள் மத்திய அரசு வருமான வரி 2,420 டாலர் குறைந்தது.

கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் கழித்துக்கொள்ளும் இந்தச் சலுகை (டாக்ஸ் கிரெடிட்) 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை முடித்துவைத்தது. அதனால் "இனிமேல் ஒன்றும் கிடைக்காது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. அந்தத் தேதிக்குள் பொருத்தி முடித்த வேலைக்கு 2025 கணக்கில் கேட்கலாம். பணம் கட்டிய நாளோ ஆர்டர் கொடுத்த நாளோ கணக்கில்லை, பொருத்தி முடித்த நாள்தான் கணக்கு.

செலவில் 30 சதவீதம் என்பது பொது விதி. ஹீட் பம்புக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்கும் சேர்த்து வருடத்துக்கு 2,000 டாலர் வரை. இன்சுலேஷன், ஜன்னல், கதவு போன்றவற்றுக்குத் தனியாக 1,200 வரை. அந்த 1,200-க்குள் ஜன்னலுக்கு 600, வெளிக்கதவுக்கு ஒன்றுக்கு 250, எல்லாக் கதவுக்கும் சேர்த்து 500, வீட்டில் எங்கே வெப்பமும் மின்சாரமும் வீணாகிறது என்று சோதிக்கும் எனர்ஜி ஆடிட்டுக்கு 150 என்று உள்வரம்புகள் உண்டு. மின் நிறுவனம் விலையில் ஒரு பகுதியை ரிபேட்டாகத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதை விலையிலிருந்து கழித்துவிட்டுத்தான் 30 சதவீதம் போட வேண்டும். எங்கள் ஹீட் பம்ப் 13,500 டாலர், ரிபேட் 1,500. மிச்சம் 12,000-இல் 30 சதவீதம் 3,600, ஆனால் கிடைத்தது வரம்பான 2,000.

நான் மாட்டிக்கொண்டது இன்சுலேஷனில். காண்ட்ராக்டர் கொடுத்த பில்லில் "அட்டிக் வேலை, 2,500 டாலர்" என்று ஒரே வரி. ஹீட் பம்புக்குக் கூலியையும் சேர்த்துக் கணக்கிடலாம். இன்சுலேஷன், ஜன்னல், கதவு மூன்றுக்கும் பொருள் விலை மட்டும்தான், கூலி சேராது. பிரித்துத் தரும்படி மூன்று முறை போன் செய்தேன். கடைசியில் பொருள் 1,400, கூலி 1,100 என்று எழுதிய புதுப் பில் வந்தது. 1,400-க்கு 30 சதவீதம், 420. இனி எந்த வேலைக்கும் பில்லை முதலிலேயே பிரித்து வாங்கிவிடுங்கள்.

2025-க்கு இன்னொன்றும் வேண்டும். ஹீட் பம்ப், ஜன்னல், கதவு தயாரித்த நிறுவனத்தின் எழுத்தும் எண்ணுமாக நான்கு இடம் கொண்ட அடையாளக் குறியீட்டை, இந்தச் சலுகையைக் கேட்கும் படிவம் 5695-இல் எழுத வேண்டும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் தகுதிச் சான்றிதழோடு சேர்த்து அது இருக்கும். இன்சுலேஷனுக்கு அது தேவையில்லை.

நண்பர்கள் அடிக்கடி சொல்வது: "எனக்கு ரீஃபண்ட்தானே வருகிறது, நான் கட்ட வேண்டிய வரியே இல்லையே, கிரெடிட் எப்படிக் கிடைக்கும்?" சம்பளத்தில் மாதாமாதம் பிடித்ததும் வரிதான். வருடத்துக்கு உங்கள் மொத்த வரி 9,000 என்றால் அதிலிருந்து 2,420 குறையும், ரீஃபண்ட் அந்த அளவுக்குக் கூடும். செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் மொத்த வரி கிரெடிட்டைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் போனது போனதுதான், அடுத்த வருடத்துக்கு வராது.

2025 டிசம்பர் 31-க்குள் போட்டு முடித்த சோலார் பேனலுக்கு அப்படியில்லை. அதற்கும் 30 சதவீதம்தான், ஆனால் தொகைக்கு மேல்வரம்பு கிடையாது, மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பேனல் உங்கள் சொந்தமாக இருக்க வேண்டும். லீஸுக்கு எடுத்தவர்களுக்குக் கிடையாது. அதேபோல், நீங்கள் குடியிருக்காமல் முழுக்க வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் இந்தச் சலுகைகள் எதுவும் இல்லை.

புது வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் எனர்ஜி ஸ்டார் தரத்தில் கட்டிய வீட்டுக்கான கிரெடிட் பில்டருக்குப் போகும், உங்களுக்கு வராது. 2026 ஜூன் 30-க்குள் விற்ற வீடுகளுக்கு மட்டும்தான் அது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணா 2023-இல் ஹீட் பம்ப் வைத்தார். இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. தாக்கல் செய்த கணக்கை மூன்று வருடத்துக்குள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தலாம். 2023 கணக்கைக் கெடுவுக்குள் போட்டவர்களுக்கு 2027 ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பழைய பில்களைப் பரப்பி வைத்துத் தேடினோம். மெஷினோடு வந்த கையேட்டுக்குள் மடித்து வைத்திருந்தார்.