செல் அரிக்காத, ஆடிக்காற்றுக்குச் சாயாத மட்டை வேலி

மர வேலி மேலே கெடுவது அபூர்வம். மண்ணுக்கு நாலு விரல் மேலும் கீழுமாகத்தான் கம்பு இற்று ஒடியும். ஈரம், காற்று, கரையான் என்கிற செல் மூன்றும் கூடும் இடம் அது. ஆகவே பாதி வேலை குழியில்தான்.

42 அடிக்கு 48 அடி வளவை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 180 அடி. ஆறடிக்கு ஒரு நடுகால் என்றால் 30 கால், வாசலுக்கு ஒன்று கூட, 31. காலுக்கு ஆறடிச் சவுக்கு போதும், அடிப்பக்கம் நாலு அங்குலக் கனம் இருக்கட்டும். வாசல் கால் இரண்டு மட்டும் ஏழடி. கால்களை இணைக்கும் இரண்டு வரிக் குறுக்குக்கு 12 அடிப் பனங்கை (பனைமரத்தைப் பிளந்த சட்டம்) 30 வேண்டும். சேதாரத்துக்கு இரண்டு சேர்த்து வாங்குங்கள். பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் வைரம் பாய்ந்த கை கிடைத்தால் புதுசை விட அதுவே மேல். கையில் கறுத்த வைரம் ஒரு பக்கமும் வெளுத்த சோறு மறுபக்கமும் இருக்கும். சோறு தண்ணீர் குடிக்கும், செல்லும் முதலில் அங்கேதான் ஏறும். அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரப் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். அடைப்புக்குக் கருக்கு (ஓரத்துப் பல்) சீவிய பனை மட்டை, அடிக்கு நாலு வீதம் 700 சொச்சம்.

தை மாதம் குழி தோண்டத் தோது: மழை விட்டு மண் இளகியிருக்கும், ஆடிக்காற்றுக்கு முன் கால் இறுகிவிடும். முதலில் சர்வே கல்லைப் பார்த்து நூல் பிடியுங்கள். மூலையிலிருந்து ஒரு நூலில் 6 அடி, மறு நூலில் 8 அடி குறித்து, குறுக்கே அளந்தால் 10 அடி வர வேண்டும். வராவிட்டால் மூலை கோணல்.

குழி செம்மண்ணில் இரண்டடி. கரிசலில் இரண்டரை அடி வேண்டும். அந்த மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால் கால் ஆடிப்போகும். தோண்டிய கரிசலைத் திரும்பப் போடாமல் சரளை போட்டு இடியுங்கள். திசையன்விளைப் பக்கத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், பிடிப்பே கிடையாது. அங்கேயும் இரண்டரை அடி, கூடவே காலின் அடியில் ஓரடிக் கட்டை ஒன்றைக் குறுக்கே அறைந்து புதைக்க வேண்டும். ஆழம் கூடுகிற மண்ணில் காலும் அரையடி நீளமாக வாங்குங்கள்.

புதைகிற பகுதிக்கும் அதற்கு மேல் அரையடிக்கும் தார் இரண்டு கை பூசுங்கள். பட்டையை உரிக்காமல் பூசினால் வீண். கரையான் பட்டைக்கடியிலேயே ஏறிவிடும். கழிவு ஆயில் பூசுகிற பழக்கம் உண்டு. கிணறு பக்கத்தில் இருந்தால் அது வேண்டாம். பருத்த முனை கீழே, அதற்கடியில் நாலு அங்குலச் சரளை. அரையடிக்கொரு தரம் மண் தள்ளிக் கடப்பாரை முனையால் குத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். கடைசியில் மண்ணைக் காலைச் சுற்றி மேடாக அணையுங்கள். பள்ளமாக விட்டால் அங்கே நின்ற தண்ணீரே காலை முடித்துவிடும்.

குறுக்கு இரண்டு வரி: தரையிலிருந்து ஓரடியில் ஒன்று, மூன்றடியில் ஒன்று. ஆடு மாடு வெளியிலிருந்து சாயும் என்பதால் காலுக்கு வெளிப்பக்கம் அறையுங்கள். தள்ளினாலும் பனங்கை காலோடு அழுந்தும், ஆணி பிடுங்காது. மேல்வரி மூட்டும் கீழ்வரி மூட்டும் ஒரே காலில் வரக் கூடாது. வைரத்தில் ஆணி வளையும், சவுக்கு பிளக்கும். துளை போட்டுவிட்டு நாலங்குல ஆணி அடியுங்கள்.

மட்டைக்கு ஆணியே வேண்டாம், கீறிவிடும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பியால் இரண்டு வரியிலும் கட்டுங்கள். தரையிலிருந்து மூன்று விரல் தூக்கிக் கட்டினால் மண்ணிலிருந்து நேரே செல் ஏறாது. நடுவே ஓர் அங்குலமாவது சந்து விடுங்கள். பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெருக்கி அடைத்த வேலியைப் படலோடு சேர்த்துச் சாய்த்துவிடும்.

வாசல் படல் (கதவு) நாலடி அகலம். அது தொங்குகிற கால் மூன்றடி ஆழம் போகட்டும். படலின் மூலைவிட்டக் கம்பு கீழ்க் கீலிலிருந்து மேலே கொண்டிப் பக்கம் ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் ஒரே மாதத்தில் படல் தரையில் இழுபடும்.

பச்சைச் சவுக்கு காயக் காயச் சுருங்கும். பங்குனியில் ஒரு தரம் சுற்றி வந்து ஆணிகளை இறுக்கி, கம்பிக் கட்டை முறுக்கிவிடுங்கள்.