அக்குபஞ்சருக்குப் போகுமுன்: ஊசியையும் பாருங்கள், ஆளையும் பாருங்கள்

அக்குபஞ்சர் சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நான் சாப்பிடுகிற மாத்திரையை என்ன செய்யட்டும்?" "அது உங்கள் டாக்டர் முடிவு, தொடருங்கள்" என்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். "மாத்திரை எல்லாம் உடலில் சேரும் கழிவு, நிறுத்துங்கள்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளி இன்சுலினை விட்டால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடக்க முடியாத வலிப்பு வரலாம். இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் பொருத்தியவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விட்டால் மாரடைப்பு வரலாம்.

தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் என்ற ஒரே பெயர்ப்பலகையில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளை இறக்கி 20 முதல் 30 நிமிடம் விட்டுவைப்பது. மற்றது, நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புவது. இப்படித் தொட்டு அனுப்புபவர்கள் பெரும்பாலும் தங்களை 'ஹீலர்' என்று சொல்லிக்கொள்வார்கள். ஆய்வுகள் பெரும்பாலும் ஊசி முறையைப் பற்றியவை. அதன் பலனைத் தொடு முறைக்கும் சேர்த்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊசியால் எதற்குப் பலன்? நாள்பட்ட இடுப்பு வலி, முழங்கால் தேய்மான வலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது. ஆய்வுக்காகப் போடுவதுபோல் பாவனை செய்யும் போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியதுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு, உள்மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கமாக இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள புள்ளி உதவுகிறது. சர்க்கரை, காசநோய், புற்றுநோய் இவற்றை எந்தப் புள்ளியும் குணமாக்காது. வாரம் ஒன்றிரண்டு முறை என்று ஆறு முதல் எட்டு முறை பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். முப்பது முறைக்கு முன்பணம் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஊசி. சுமார் 0.20 முதல் 0.30 மி.மீ. தடிமன்; மருந்து ஏற்றும் ஊசியில் பாதிகூடச் சில சமயம் இருக்காது. ஒருமுறை மட்டும் பயன்படும், கிருமி நீக்கிய ஊசியாக இருக்க வேண்டும். உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்கட்டும். காலாவதித் தேதியைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் பெயர் எழுதி டப்பாவில் வைத்திருக்கிறோம், அடுத்த முறையும் இதே" என்பது சிக்கனமல்ல, அசுத்தம். ஸ்பிரிட்டில் முக்கினால் மஞ்சள் காமாலை பி வைரஸ் போய்விட்டது என்று நம்ப முடியாது. போட்ட ஊசிகளையும் எடுத்தவற்றையும் எண்ண வேண்டும். எடுத்தவை குத்தினாலும் கிழியாத டப்பாவுக்குள் போக வேண்டும்.

படிப்பைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபஞ்சரும் பாடமாக உண்டு. மருத்துவர் அல்லாதவருக்கு 2,500 மணி நேரப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் தந்த வழிகாட்டுதல். சில வார இறுதி வகுப்புகளுக்குப் பிறகு பெயருக்கு முன் 'டாக்டர்' போடுபவரை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி), இதய வால்வுக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் நீங்களே சொல்லுங்கள். கேட்காமலேயே ஊசி எடுப்பவர் சரியில்லை. சிலர் ஊசி வழியே லேசான மின்சாரமும் கொடுப்பார்கள்; பேஸ்மேக்கர் உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முதல் முறை படுத்தே போட்டுக்கொள்ளுங்கள்; மயக்கம் வருவது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். ஊசி இறங்கும்போது கனமாக, மதமதவென்று இருப்பது இயல்பு. மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றால் உடனே சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள்.

தோள்பட்டை மேல், மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் ஆழம் சற்றுக் கூடினாலும் ஊசி நுரையீரலைத் தொட்டுவிடலாம். அங்கே போட்ட பிறகு, சில மணி நேரம் கழித்தேனும் மூச்சு வாங்கினாலோ ஒரு பக்கம் மார்பு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள். எங்கே ஊசி போட்டார்கள் என்பதை அவசர சிகிச்சைப் பிரிவில் மறக்காமல் சொல்லுங்கள்.