டெக்ஸ்-மெக்ஸ் டாக்கோ கடையில் முதல் முறை: எதைக் கேட்பது, எந்த வரிசையில் சாப்பிடுவது

டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சஸில் வளர்ந்த மெக்சிகோ பாணிச் சாப்பாட்டைப் பழக நல்ல இடம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ போன்ற ஊர்களில் வீடுகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு மேசையோடு இருக்கும் சின்னக் கடை. இவற்றில் பல விடிகாலையில் திறந்து மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மூடிவிடும். ஞாயிறு காலையில் பார்பகோவா (மெதுவாக வேகவைத்த இறைச்சி) வாங்க வரும் கூட்டம் இருக்கும். வார நாளில் காலை 9:30-க்கு மேல் போனால் பரிமாறுபவரிடம் நிதானமாகக் கேட்டு வாங்கலாம்.

படி 1: சல்சாவைச் சோதியுங்கள்

மதியமோ இரவோ உட்கார்ந்தால் சோளச் சிப்ஸும், தொட்டுக்கொள்ளக் காரச் சட்னிபோன்ற சல்சாவும் தானாக வரும். பெரும்பாலும் காசு கிடையாது, தீரத் தீர நிரப்புவார்கள். முதல் கூடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நாலைந்து சிப்ஸோடு நிறுத்துங்கள்.

பச்சை சல்சாவில் கவனம் தேவை. வெண்ணெய்போல் வழவழவென்று வெளிர்பச்சையாக இருந்தால் அவகாடோ என்று நினைத்துவிடாதீர்கள். பல கடைகளில் அது வேகவைத்த ஹலபேன்யோ மிளகாயைப் பூண்டோடும் எண்ணெயோடும் அடித்தது. சிப்ஸின் நுனியால் தொட்டுப் பாருங்கள். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் உதவாது. காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலோ, ஒரு கரண்டி புளிப்பு க்ரீமோ கேளுங்கள்.

படி 2: சோளமா, மைதாவா?

டாக்கோ என்பது டோர்டியா என்ற மெல்லிய ரொட்டியில் இறைச்சியோ முட்டையோ வைத்து மடித்தது. அதைக் கேட்டதும் வரும் கேள்வி இது. சோள டோர்டியா என்பது மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவில் தட்டியது. அதன் தனி வாசனை அந்தச் சுண்ணாம்பால் வருவது. மைதா டோர்டியா கொழுப்பு சேர்த்துப் பிசைந்தது, மெத்தென்று வளையும். குழம்புபோல் இருக்கும் கார்னே கிசாடா என்ற இறைச்சிக்கும் முட்டைக்கும் மைதாதான் சரி. சோளம் ஊறிக் கிழிந்துவிடும். சுட்ட இறைச்சிக்குச் சோளம்.

படி 3: இரண்டே இரண்டு கேளுங்கள்

டாக்கோ ஆறினால் கெட்டது: சோளம் விரிசல் விடும், மைதா விறைக்கும். ஒரேயடியாக நாலு வாங்காமல் இரண்டைச் சூடாக முடித்துவிட்டு மூன்றாவதைச் சொல்லுங்கள்.

பட்டியலைப் படிக்கச் சில ஸ்பானியப் பெயர்கள். இரண்டு 'எல்' சேர்ந்து வந்தால் ய: போயோ என்றால் கோழி. பாபாஸ் உருளைக்கிழங்கு, ஹுவேவோ முட்டை, லெங்குவா நாக்கு. சொரிசோ மசாலா சேர்த்த பன்றி இறைச்சி. கார்னே கிசாடாவும் பிகடியோவும் மாட்டிறைச்சி. இரண்டிலும் சீரகம் தூக்கலாக இருக்கும். பார்பகோவா பெரும்பாலும் மாட்டின் தலை, கன்னக் கறி. ஃபஹிதா நீளத் துண்டுகளாக வாட்டிய இறைச்சி. வெறும் ஃபஹிதா என்றால் மாட்டிறைச்சி வரலாம். கோழி வேண்டுமென்றால் சேர்த்தே சொல்லுங்கள்.

சைவர்களுக்கு இது முக்கியம். "இதில் இறைச்சி உண்டா?" என்ற கேள்வி போதாது. மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம். துண்டு எதுவும் கண்ணில் படாததால் "வெறும் பீன்ஸ்தான்" என்று பதில் வரும், அவர் பொய் சொல்லவில்லை. சிவப்புச் சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம். சீஸ் என்சிலாடாவின் (சீஸை வைத்துச் சுருட்டிய டோர்டியா) மேல் ஊற்றும் மிளகாய்க் குழம்பில் மாட்டிறைச்சி இருக்கலாம். மைதா டோர்டியாவிலும் அதே பன்றிக் கொழுப்பு சேரலாம். அதன் ஸ்பானியப் பெயர் மன்டேக்கா. ஆகவே பெயரைச் சொல்லியே கேளுங்கள்: "மன்டேக்கா போடுகிறீர்களா? கோழிச்சாறு உண்டா?" ஓரளவு நம்பி வாங்கக்கூடியவை: சோள டோர்டியாவில் அவகாடோவும் சீஸும், முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு முட்டை, அல்லது நோபாலித்தோஸ் முட்டை. நோபாலித்தோஸ் வேறொன்றுமில்லை, நம் சப்பாத்திக்கள்ளியின் முள் நீக்கிய இளந்தண்டு. பன்றி இறைச்சி வாட்டிய அதே கல்லில்தான் முட்டையும் வேகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 4: சாப்பிடும் வரிசை

மொறுமொறு டாக்கோவும், பச்சை மாவை எண்ணெயில் போட்டு உப்பவைக்கும் பஃபி டாக்கோவும் தட்டில் இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள். உள்ளிருக்கும் சாறு அடியில் இறங்கி ஐந்து நிமிடத்தில் மடிப்பு நமுத்துவிடும். தூக்கினால் எல்லாம் தட்டில்.

மூன்று விரலால் மேலிருந்து பிடித்து, டாக்கோவைச் சாய்க்காமல் உங்கள் தலையைச் சாய்த்து ஓரத்திலிருந்து கடியுங்கள். முகம் தட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். சல்சாவை மொத்தமாக ஊற்றாமல் ஒவ்வொரு கடிக்கும் சொட்டு விடுங்கள். கீழே விழுந்ததைச் சிப்ஸால் அள்ளலாம். என்சிலாடாவுக்கு முள்கரண்டி, அதன் தட்டு அடுப்பிலிருந்து நேரே வருவது, கை வைக்காதீர்கள்.

படி 5: பில்

சின்னக் கடைகளில் பெரும்பாலும் வாசலருகே உள்ள கல்லாவில் கட்ட வேண்டும். சான் அன்டோனியோவில் விற்பனை வரி 8.25%. வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20% டிப்ஸ் வையுங்கள். 20 டாலர் சாப்பாடு என்றால் வரி 1.65, டிப்ஸ் 4, மொத்தம் 25.65. டெக்சஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், மீதி வருமானம் உங்கள் மேசையிலிருந்து போவது.

மிச்சத்தைப் பொட்டலம் கட்டுவதாக இருந்தால் கிசாடாவையும் டோர்டியாவையும் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டில் மைக்ரோவேவில் வைத்தால் டோர்டியா தோல்போல் ஆகிவிடும். காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் பக்கத்துக்கு 20 விநாடி போதும்.